பத்துப் பேரோடு ஆடிய இறுதி ஆட்டம்

எங்கள் மருதம் கால்பந்துக் கழகத்துக்கு வைர விழா வருகிறதாம். எல்லாக் காலத்துக்குமான உள்ளூர் அணி ஒன்றை நான் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும் என்று வீட்டுக்கு வந்து கேட்டார்கள். பொன்விழா வந்தபோது ஒருவனுக்கும் ஞாபகமில்லை. இப்போது வாட்ஸ்அப் குழு இருப்பதால் ஞாபகம் வந்திருக்கிறது.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் ரியாஸ், கழகத்தின் இப்போதைய செயலாளர். துபாயில் இருந்துவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிறான். இன்னொருவர் சுகந்தி, நான் வேலை பார்த்த அதே பள்ளியில் இப்போது உடற்கல்வி ஆசிரியை. இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். பின்னால் திட்டப் போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

இந்த அணிக்கு ஒரு விதி உண்டு என்றான் ரியாஸ். இடையில் சில வருடம் கோப்பைக்கு ஆசைப்பட்டுத் திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் காசு கொடுத்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். அவர்கள் பெயர் இதில் வரக்கூடாது. ஆகவே உள்ளூர் ஆட்டக்காரராக ஆடியவர்கள் மட்டும், கெஸ்ட்டாக ஆடியவர்கள் கிடையாது. நியாயமாகத்தான் பட்டது.

"சரிப்பா, எழுதிக்க. மொதல்ல சென்டர் ஹாஃப். தங்கையன்."

ரியாஸின் விரல் போனில் நின்றுவிட்டது.

"கீழத்தெரு தங்கையனா சார்? அவரு கெஸ்ட்டுல்ல?"

"யாருடா சொன்னா?"

"எங்க தாத்தா சொல்லுவாரு சார். தங்கையன் மாதிரி ஒரு கெஸ்ட்டு பிளேயர் இந்த ஜில்லாவுலயே கெடையாதுன்னு. ஒரு மேட்சு கூட லோக்கலா ஆடுனதில்லையாமே?"

கீழத்தெரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இங்கே தும்மினால் அங்கே கேட்கும். ரியாஸ் வீட்டுக்குத் தினமும் பால் வருவதே அங்கிருந்துதான். நான் சுகந்தியைப் பார்த்தேன். அந்தப் பெண் பிறந்து வளர்ந்தது கீழத்தெருவில். அவளாவது ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"ரூல்னு ஒண்ணு வச்சா எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்ல சார்," என்றாள்.

அதற்குள் ரியாஸ் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து விரித்தான். விழாவுக்கு அடித்த புதுச் சட்டை. நெஞ்சில் இரண்டு கைகள் தட்டுகிற படம்.

"நம்ம கிளப்போட ஸ்டைல் சார். பாஸ் கேக்கறப்ப மத்த டீமு மாதிரி நாங்க கத்த மாட்டோம். கை தட்டுவோம்ல, அது. டிசைன் எப்புடி?"

"இந்தக் கைதட்டு எங்கேருந்து வந்துச்சு, தெரியுமா?"

"ஆரம்பத்துலேருந்தே இருக்கு சார்."

இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். காப்பி கூடக் கொடுக்கவில்லை. அணியை எழுதித் தருகிறேன், அதோடு வேறொன்றும் எழுதித் தருவேன், விழா மலரில் போடத் தைரியம் இருந்தால் போடுங்கள் என்றேன். அதுதான் இது.

நான் திருக்காட்டுப்பள்ளிக்காரன். சென்னையில் உடற்கல்விப் பயிற்சி முடித்தேன். விசில் ஊதக் கற்றேன், கயிறு ஏறக் கற்றேன், ஆட்டங்களின் விதிகளை ஒப்பிக்கக் கற்றேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கீழ்வேளூருக்குப் பக்கத்தில் இந்த ஊர்ப் பள்ளிக்கு டிரில் மாஸ்டராக உத்தரவு வந்தது. பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

ஆட்சி மாறிய புதிது. கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு சிவப்புக் கொடி. வயல் பக்கம் போனால் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்புக் கொடி. ஊரின் பெரிய மிராசுதார் அதுவரை கதர் கட்டியவர். தேர்தல் முடிவு வந்த வாரத்தில் வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டார் என்று சைக்கிள் கடைக் காதர் பாய் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மிராசுதார்தான் மருதம் கழகத்தின் தலைவர். ஊரே அவரைப் பிரசிடெண்ட் என்றுதான் கூப்பிடும். காதர் பாய் செயலாளர். ரியாஸின் தாத்தா இவர்தான். டிரில் மாஸ்டர் வந்து இறங்கிய அன்றே கோச்சும் நான்தான் என்று முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

பிரசிடெண்ட் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வருகிறவருக்கு முதலில் காப்பி வரும். நாம் பேசப் பேச அவர் பாக்குவெட்டியால் பாக்கை நறுக்கிக்கொண்டிருப்பார். கண் பாக்கில் இருக்கும். கேட்கிறாரா இல்லையா என்று நமக்குத் தெரியாது. கடைசிச் சீவல் விழுந்த பிறகுதான் பதில் வரும். அந்தப் பதில் முன்னாலேயே முடிவு செய்ததாக இருக்கும். "தாராளமா" என்று தொடங்கினால் காரியம் நடக்காது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

நான் ஆள் எடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போது கோன் வைத்து, ஸ்டாப் வாட்ச் வைத்து, வீடியோ எடுத்து என்னென்னவோ செய்கிறார்கள். எங்களிடம் ஒரு பந்து. தோல் பந்து, வாரைப் பிடித்து இழுத்துக் கட்ட வேண்டும், மழையில் நனைந்தால் கல் மாதிரி ஆகிவிடும். கோடு போடச் சுண்ணாம்பு கிடையாது. ரைஸ் மில்லிலிருந்து உமிச் சாம்பலைச் சாக்கில் அள்ளி வந்து போடுவோம். எங்கள் மைதானத்தில் கோடு கறுப்பு. பையன்களை இரண்டாகப் பிரித்து ஆட விடுவேன். பந்து ஒருவனிடம் இருக்கும்போது அவனைப் பார்க்க மாட்டேன். பந்தை இழந்த பிறகு என்ன செய்கிறான் என்று பார்ப்பேன். இடுப்பில் கை வைத்து நின்றால் வேண்டாம். அடுத்தவனைத் திட்டினாலும் வேண்டாம். உடனே திரும்பி, பந்து போகப் போகிற இடத்துக்கு ஓடுகிறவன் வேண்டும்.

அப்படிப் பார்த்ததில் முதல் ஆள் தங்கையன். பிரசிடெண்டின் பண்ணையில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். வெறுங்கால். ஒல்லி, உயரம். எதிரி ஓடி வருவான், இவன் குறுக்கே நிற்பான், அவன் உடம்பில் படாமல் பந்தை மட்டும் உருவிக்கொண்டு போவான். ஓடியவன் பந்து இருக்கிறது என்று நினைத்து இன்னும் நாலடி ஓடுவான். கூட்டம் சிரிக்கும். அவனைப் போலவே கீழத்தெருவில் இன்னும் நாலு பேர் தேறினார்கள். நான் பரம சந்தோஷத்தோடு பதினோரு பெயரைச் சொன்னேன்.

பிரசிடெண்ட் பாக்கை வெட்டி முடித்தார்.

"தாராளமா எடுங்க மாஸ்டர். ஆனா கீழத்தெரு ஆளுங்க கெஸ்ட்டு. டோர்னமெண்ட் ரூலுப்படி மூணு கெஸ்ட்டுதான். மூணு பேர எடுங்க."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஊர் என்றால் ஊர், தெரு என்றால் தெரு. கழகம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தானாம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் வெளியூர் ஆட்டக்காரன். கழகத்தில் சாப்பாடு போட்டால் கெஸ்ட்டுக்குத் தனி இடம் என்று சொன்னார்கள். மரியாதை பலமாக இருக்கிறதே என்று போய்ப் பார்த்தேன். மைதானத்துக் குழாய்க்குப் பின்னால் தரையில் இலை போட்டிருந்தது.

பெட்டியோடு இறங்கி ஒரு வாரம் ஆன நான் லோக்கல். பிரசிடெண்டின் அக்கா மகன் பாஸ்கர், சென்னையில் படித்துக்கொண்டு லீவுக்கு மட்டும் வருகிறவர், அவரும் லோக்கல். இந்த மண்ணில் பிறந்து இந்தச் சேற்றிலேயே கிடக்கிற தங்கையன் கெஸ்ட்.

இன்னொன்று. ஆட்டத்தில் தங்கையன் பந்து கேட்கும்போது வாயைத் திறக்க மாட்டான். இரண்டு தட்டுத் தட்டுவான், அவ்வளவுதான். கீழத்தெரு ஆட்கள் எல்லாரும் அப்படியே. எதிரணிக்காரர்கள் இது ஏதோ தந்திரம் என்று பயந்தார்கள். நானும் நல்ல பழக்கம் என்று விட்டிருந்தேன். ஒரு நாள் பந்து வேகமாக வந்தது, பாஸ்கர் கவனிக்கவில்லை, தங்கையன் தட்டியும் திரும்பவில்லை. நான் கோட்டுக்கு வெளியே இருந்து கத்தினேன்.

"வாயில என்னடா இருக்கு? பாஸ்கர்னு பேரச் சொல்லிக் கூப்புட வேண்டியதுதானே!"

பாஸ்கர் என்னை முறைத்தார். தங்கையன் தரையைப் பார்த்தான். காதர் பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மாஸ்டர், சும்மா இருங்க. அவன் எப்புடிப் பேரச் சொல்லுவான்? சின்ன ஐயான்னுதான் கூப்புடணும். பந்து வர்ற வேகத்துல 'சின்ன ஐயா, இந்தாண்ட தள்ளுங்க'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள எதிராளி கோலு போட்டுட்டுப் போயிருவான். அதான் தட்டறானுவ."

அதுதான் உங்கள் சட்டையில் இருக்கிற படம். நல்ல டிசைன்.

நான் மூன்று கெஸ்ட்டை மாற்றி மாற்றி எடுத்து அணியை நடத்தினேன். கைதட்டு மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. இடது பக்கம் ஆடிய ரஜாக், மளிகைக் கடைக்காரர் மகன், யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடலாம். அவனும் தட்டுவான்.

நான் வந்து மூன்றாவது வருடம் முடியும் முன் கூலித் தகராறு முற்றியது. அறுவடை நேரம். சங்கம் கூலி உயர்த்திக் கேட்டது. மிராசுதார்கள் லாரியில் வெளியூர் ஆட்களை ஏற்றி வந்து போலீஸ் காவலோடு வயலில் இறக்கினார்கள். பக்கத்து ஊர்களில் அடிதடி. உள்ளூர் ஆளுக்கு முதலில் வேலை, மிச்சம் இருந்தால்தான் வெளியாள் என்பது சங்கத்தின் பிடி. அந்த ஒரு அறுவடையில் வருகிற நெல்தான் கீழத்தெருவுக்கு வருடச் சாப்பாடு.

அதே சமயம் எங்கள் மைதானத்தில் நாங்களே நடத்துகிற டோர்னமெண்ட். மருதம் கழகம் ஃபைனலுக்கு வந்துவிட்டது. பிரசிடெண்ட் ஆள் அனுப்பினார். தாசில்தாரை ஃபைனலுக்கு அழைக்க வேண்டும், கார் போகிறது, நீங்களும் வாருங்கள் என்றார். போனேன். தாலுகா ஆபீசுக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது, அன்று அங்கே கூலிப் பேச்சுவார்த்தை. ஒரு பக்கம் சங்கத்துக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் சுவரோரம் தங்கையன் நின்றான். இன்னொரு பக்கம் பிரசிடெண்டுக்கு நாற்காலி. அவருக்கு அடுத்த நாற்காலி எனக்கு.

தாசில்தார் நேரடியாகப் பேசுகிற மனிதர்.

"உள்ளூர் ஆளுக்கு மொதல்ல வேலை. அதுல பேச்சே இல்ல. பிரசிடெண்ட் என்ன சொல்றீங்க?"

பிரசிடெண்ட் அங்கேயும் பாக்குவெட்டியைக் கொண்டு வந்திருந்தார். சீவல் விழுந்து முடிந்தது.

"தாராளமா. உள்ளூர் ஆளுக்கு இல்லாத வேலையா? ஆனா கீழத்தெரு எப்புடிங்க உள்ளூரு? வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்கு. எங்க அப்பாரு காலத்துல எங்கேருந்தோ வந்து குடிசை போட்டவங்க."

சங்கத்துப் பெரியவர் ஒருவர் எழுந்துவிட்டார். "நாலு தலமொறையா ஒங்க சேத்துலதான கெடக்கறோம்! எங்கேருந்தோ வந்தோமா?"

"உக்காருங்க, உக்காருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. மாஸ்டர் இருக்காரு, எந்தப் பக்கமும் சேராதவரு. அவரயே கேப்போம். மாஸ்டர், நம்ம டீமுல தங்கையன் லோக்கலா, கெஸ்ட்டா?"

இதற்காகத்தான் காரில் ஏற்றி வந்திருக்கிறார். பந்து விளையாட்டில் ஒரு அநியாயம், சரி, ஆடிவிட்டுப் போவோம் என்று நான் இருந்தது எவ்வளவு பெரிய மடத்தனம்! ஒரு தெருவின் சோற்றை எடுக்க அதையே சாட்சியாக வைக்கிறார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தங்கையன் பார்க்கவில்லை.

"சொல்லுங்க மாஸ்டர். எல்லா டோர்னமெண்ட்லயும் கெஸ்ட்டுதான?"

"கெஸ்ட்டுதான்," என்றேன். பிரசிடெண்ட் தலையாட்டினார். "நீங்க அப்புடிப் போடச் சொன்னதால கெஸ்ட்டு. நான் பெட்டியோட வந்து எறங்குன அன்னிக்கே என்னய லோக்கல்னு சொல்லிட்டீங்க. ஒங்க அக்கா மகன் மெட்ராஸ்ல இருக்காரு, லீவுக்கு வந்து ஆடுறாரு, அவரும் லோக்கல். தங்கையன் வீட்டு வாசல்லேருந்து ஓங்கி ஒதச்சா பந்து நம்ம மைதானத்துல வந்து விழும். அவன் கெஸ்ட்டுன்னா இந்த ரூமுல லோக்கல்னு ஒருத்தரும் கெடையாது சார்."

சங்கத்துக்காரர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். தாசில்தாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எங்கள் ஆட்டங்களைப் பார்த்தவர்.

"அப்ப முடிஞ்சுபோச்சு. கீழத்தெரு உள்ளூரு. ஆனா ஒண்ணு, உள்ளூர் ஆளுன்னா காலையில எறங்கினவன் சாயங்காலம் நெல்லுக் கட்டு களத்துக்குப் போற வரைக்கும் நிக்கணும். பாதியில ஒருத்தன் விட்டுட்டுப் போனாலும் பிரசிடெண்ட் வெளியாள எறக்கிக்கலாம். சம்மதமா?"

சம்மதித்தார்கள். பிரசிடெண்டும் சம்மதித்தார். திரும்பும்போது காரில் அவர் கோபப்படவில்லை. பாதி வழியில் சொன்னார்.

"நல்லா பேசுறீங்க மாஸ்டர். அறுப்ப ஞாயித்துக்கெழம வச்சுக்கறேன்."

"அன்னிக்கு ஃபைனலுங்க ஐயா."

"ஆமா. நல்ல நாளு."

ஊரில் எந்த வயலில் எப்போது அறுப்பு என்பது அவர் இஷ்டம். கோப்பை போனாலும் பரவாயில்லை என்று ஒரு கழகத் தலைவர் நினைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நெல்லுக்கு முன்னால் வெள்ளிக் கோப்பை என்ன பெரிது என்று காதர் பாய்தான் எனக்குப் புரிய வைத்தார். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து இதே மனிதர் மாட்டுக்காரன் பெயரில், சமையல்காரர் பெயரில், கீழத்தெருக் கிழவர்கள் பெயரில்கூட நிலத்தை எழுதி வைத்திருந்தார். நிலத்தை ஒளிக்கும்போது அவர்கள் உள்ளூர்வாசிகள்தான்.

சனிக்கிழமை வாய்க்கால் மதகில் தங்கையனைப் பார்த்தேன்.

"மத்த நாலு பேரும் வரலைன்னுட்டாங்க. நீ?"

"கட்டெல்லாம் களத்துக்குப் போயிட்டா வந்துர்றேன் சார்."

"ஒன் பேர லோக்கல்னு குடுக்கப் போறேன்."

"நெசமாவா சார்?" துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். "பிரசிடெண்டு ஐயா ஒண்ணும் சொல்லலையா?"

"அவருதான தாசில்தார் முன்னாடி ஒத்துக்கிட்டாரு."

பெயர் கொடுத்துவிட்ட ஆட்டக்காரன் தாமதமாக வந்தாலும் ரெஃப்ரியிடம் சொல்லி உள்ளே இறங்கலாம். பத்துப் பேரோடு தொடங்குவதற்கு விதியில் இடம் உண்டு. சென்னையில் ஒப்பித்த விதி முதல் முறையாக எனக்குப் பயன்பட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் பத்துப் பேரை இறக்கினேன். நடுவில் சென்டர் ஹாஃப் இடம் காலி.

நாகப்பட்டினத்திலிருந்து வந்த அணி முதலில் இதைக் கவனிக்கவே இல்லை. கூட்டம் கவனித்தது. "டேய், ஒண்ணு கொறையுதுடா! மாஸ்டருக்கு எண்ணத் தெரியலடா!" என்று ஒருவன் கத்த, மைதானமே சிரித்தது. பந்தலில் தாசில்தாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரசிடெண்ட் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ன மாஸ்டர், பத்துப் பேரா?"

"பதினொண்ணாவது ஆளு ஒங்க வயல்ல இருக்கான்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்போது எனக்குத் தெரியாது. காரியக்காரரை, அதாவது வயல் வேலையை மேற்பார்க்கிற அவருடைய ஆளை, அருகில் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். காரியக்காரர் வயல் பக்கம் போனார். தங்கையனை விடாதே என்று சொல்லி அனுப்புகிறார் என்று நினைத்தேன்.

மைதானத்தின் அந்தப் பக்கம் கூட்டம், கூட்டத்துக்குப் பின்னால் வரப்பு. தலையில் கட்டோடு ஆட்கள் களத்துக்குப் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. முகம் தெரியவில்லை. பத்துப் பேரும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். பாதி ஆட்டம் வரை கோல் இல்லை. மறுபாதியும் இழுத்துக்கொண்டே போனது. ஆட்டம் முடிகிற நேரத்தில் ரஜாக்கிடம் பந்து வந்தது. நிதானமாக நிமிர்ந்தான், சென்டர் ஹாஃப் நிற்க வேண்டிய இடத்துக்கு அழகாக ஒரு பாஸ் கொடுத்தான். அங்கே யார் இருக்கிறார்கள்? எதிரணிக்காரன் ஓடி வந்து எடுத்தான், நேராகப் போய்க் கோல் போட்டான்.

"யாருக்குடா குடுத்த? பேய்க்கா?" என்று கத்தினேன்.

"தட்டுன சத்தம் கேட்டுச்சு சார்! நெசமா கேட்டுச்சு!" என்றான் ரஜாக். அழுதுகொண்டே சொன்னான். நாங்கள் தோற்றோம். தங்கையன் வரவில்லை.

அதற்குப் பிறகு கழகத்தில் கீழத்தெரு ஆட்களை எடுப்பதே நின்றது. இனி கெஸ்ட் வேண்டாம் என்று பிரசிடெண்ட் முடிவு செய்தார். லோக்கல் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது, ஆகவே கெஸ்ட்டாகவும் எடுக்க வழியில்லை, லோக்கலாக எடுக்க மனமில்லை. ஜூன் மாதம் எனக்கு வலங்கைமானுக்கு மாற்றல் வந்தது. மேலே வரைக்கும் அவருக்குச் செல்வாக்கு. அங்கே இங்கே அலைந்து நான் இந்த ஊருக்குத் திரும்பியபோது தங்கையனின் ஆட்டக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் ஒன்று, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கீழத்தெருவை வெளியூர் என்று எந்த அறுவடையிலும் யாரும் சொல்லவில்லை.

ரியாஸும் சுகந்தியும் வந்துபோன மறுநாள் தங்கையன் வீட்டுக்குப் போனேன். இப்போது காரை வீடு. மகன் திருவாரூரில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறான். தங்கையன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு எண்பது தாண்டிவிட்டது, அவருக்கு அதில் கொஞ்சம்தான் குறைச்சல். இனிமேல் அவன் இவன் என்று எழுத எனக்குக் கூசுகிறது.

நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ரியாஸு தம்பி சொல்றது சரிதான சார்? நான் கெஸ்ட்டுதான ஆடுனேன்?"

எனக்குத்தான் கோபம் வந்தது. "ஏன்யா, அன்னிக்கு ஒம்பேர லோக்கல்னு குடுத்துட்டு எடத்தக் காலியா வச்சுக்கிட்டு நின்னனே. அந்தக் காரியக்காரன் மட்டும் ஒன்ன விட்டிருந்தா ஆடியிருப்பல்ல?"

தங்கையன் சிரித்தார். "ரஜாக் பாய் ஒரு பாஸு குடுத்துத் திட்டு வாங்குனாருல்ல, ஞாபகம் இருக்கா சார்?"

"கோலு வாங்குன பாஸு. மறக்குமா?"

"நான்தான் சார் தட்டுனேன். வரப்புல நின்னேன், கட்டக் கீழ போட்டுட்டு. பாயிகிட்ட பந்து வந்துச்சு. கை தானா தட்டிருச்சு. அந்தக் கோலு நான் வாங்கிக் குடுத்ததுதான்."

இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். ரஜாக் சவூதியில் இறந்துபோனான். கடைசி வரை அந்தச் சத்தத்தைக் கேட்டேன் என்றுதான் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை.

"வரப்பு வரைக்கும் வந்தவன் உள்ள வரவேண்டியதுதான? காரியக்காரன் மறிச்சானா?"

"அவரு எங்க சார் மறிச்சாரு? அவருதான் போகச் சொன்னாரு."

"என்னது?"

"'போ தங்கையா, மாஸ்டரு ஒன்ன எதிர்பாத்துக்கிட்டுப் பத்துப் பேரோட நிக்கறாரு. ஐயாவே சொல்லி அனுப்புனாரு. அறுவாள இப்புடிக் குடு, போயி ஆடு'ன்னாரு. கைய நீட்டிக்கிட்டு நின்னாரு சார். அவருக்குப் பின்னாடி ரோட்டுல லாரி நின்னுச்சு. உள்ளார அத்தன ஆளுங்க. எஞ்சின அணைக்கல."

"அப்பறம் ஏன்யா வரல?" என்றேன்.

"ஆடுன்னாங்க சார். அதான் ஆடல. பாதியில ஒருத்தன் போனாலும் வெளியாளுன்னு பேச்சுல இருந்துச்சுல்ல? நான் எறங்கியிருந்தா அன்னிக்கு நான் ஒருத்தன் லோக்கலா ஆடியிருப்பேன். எங்க தெரு வெளியூரா போயிருக்கும்."

இத்தனை வருடமும் அவரைப் பிடித்து வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பிரசிடெண்ட் அவரைப் பிடித்து வைக்கவில்லை, கதவைத் திறந்து வைத்திருந்தார். நான் நியாயம் என்று நினைத்துக் காலியாக வைத்த இடம்தான் அந்தக் கதவு. பந்தலில் அவர் ஏன் சிரித்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தங்கையன் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தார்.

"சென்டர் ஹாஃபுக்கு யாரப் போடப் போறாங்களாம் சார்?" என்று கேட்டார்.

"ஒன்ன விட்டா பாஸ்கரத்தான் போடுவாங்க."

"போடட்டும் சார். நல்லாத்தான் ஆடுவாரு, லீவுக்கு வரும்போது."

ரியாஸ், சுகந்தி, உங்களுக்குத்தான் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்து செய்தவனோடு சண்டை போட்டு முடித்துவிட்டேன். தெரியாமலேயே அதே வாக்கியத்தை நீங்கள் திரும்பச் சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. பிரசிடெண்ட் காத்த விதி அவர் போன பிறகும் நிற்கிறது, அதுவும் கீழத்தெருப் பெண்ணின் வாயில்.

அணியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். இடது பக்கம் ரஜாக். பாஸ்கர் இல்லை. சென்டர் ஹாஃப் தங்கையன், உள்ளூர். இந்தப் பெயருக்கு உங்கள் விதி இடம் தராது என்றால் அந்த இடத்தில் வேறு யாரையும் போடக்கூடாது. பத்துப் பேரை மட்டும் அச்சடியுங்கள், நடுவில் இடத்தைக் காலியாக விடுங்கள். மாஸ்டருக்கு எண்ணத் தெரியவில்லை என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.